காதலும் சிரிப்பும் ஒரே வீட்டில்

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் வளர்த்த காதல் நகைச்சுவையைத் தமிழ் சினிமா எங்கே தவறவிட்டது? அதைத் தொடர் படங்களாக மீட்டெடுக்கப் புதுச்சேரி ஏன் தகுந்த ஊர்?

புதுச்சேரிக்கு மேற்கே ஒரு மாஞ்சோலை. அங்கே ஒரு குயில் பாடுகிறது. கேட்டவன் மனத்தைப் பறிகொடுக்கிறான். நான்காம் நாள் வரச் சொல்கிறது குயில். அவனுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே போய் நிற்கிறான். அங்கே அந்தக் குயில் ஒரு குரங்கிடம் காதல் பேசிக்கொண்டிருக்கிறது. குரங்கின் வாலுக்கும் தாவலுக்கும் மனிதர்கள் ஈடாவார்களா என்று உருகுகிறது. அடுத்த நாள் போனால், காளை மாட்டிடம் அதே உருக்கம். பொறாமையில் வெந்து, வாளை வீசி, குறி தவறி, வெட்கப்பட்டு, அதற்குப் பிறகும் சோலையை நோக்கியே ஓடுகிற ஒருவன்தான் இந்தக் கதையின் நாயகன்.

1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்தபோது பாரதியார் எழுதிய 'குயில் பாட்டு' இது. இதற்கு வேதாந்தப் பொருள் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள் என்று புலவர்களுக்கு அவரே இடம் கொடுத்திருக்கிறார். படிக்கிறவருக்கு முதலில் வருவது சிரிப்பு. காதலிக்கிறவனே சிரிப்புக்கும் ஆளாகிறான். அப்படி ஆனதால்தான் அவன் காதல் நம் மனத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

காதலும் சிரிப்பும் ஒரே ஆளிடம் குடியிருக்கும் கதைகள் தமிழில் ஏராளம். நம் வாரப் பத்திரிகைகள் அவற்றைத் தொடர்கதைகளாக வளர்த்தன. சினிமா கொஞ்ச காலம் அவற்றைக் கொண்டாடியது, பிறகு கைவிட்டது. உலகின் மற்ற இடங்களில் காதல் நாவல்கள் மூன்று, நான்கு பாகப் படங்களாக வந்து வசூலையும் அன்பையும் ஒருசேர அள்ளுகின்றன. தமிழில் அப்படி ஒரு படத்தொடர்கூட இதுவரை இல்லை. கதைக்குப் பஞ்சமில்லாத மொழியில், பத்திரிகைத் தொடரைப் பக்கம் பக்கமாகக் கிழித்து பைண்டு செய்து வைத்த வீடுகள் நிறைந்த நாட்டில், இந்தக் குறைக்குக் காரணம் என்ன?

பத்தியில் பிறந்த பிரிட்ஜெட்

இன்று உலகில் அதிகம் பேசப்படும் காதல் நகைச்சுவைப் படத்தொடர் 'பிரிட்ஜெட் ஜோன்ஸ்'. அதன் பிறப்பு தமிழ் வாசகர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. 1995இல் லண்டனின் 'தி இன்டிபென்டென்ட்' நாளிதழில் ஹெலன் ஃபீல்டிங் ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். முப்பதைத் தாண்டியும் திருமணமாகாத ஒரு பெண்ணின் நாட்குறிப்பு வடிவில் அது வந்தது. இன்று எத்தனை சிகரெட், உடம்பு எவ்வளவு எடை, யார் போன் செய்தார், யார் செய்யவில்லை என்று தன்னைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் அந்தப் பெண் எழுதிக்கொண்டே போவாள். 1996இல் பத்தி நாவலானது. 2001இல் ஷேரன் மெக்வயர் இயக்கத்தில் படமானது. 2004, 2016, 2025 என்று அடுத்தடுத்த படங்கள் வந்தன. இந்த நான்கிலும் பிரிட்ஜெட்டாக நடித்தவர் ரெனே ஸெல்வெகர் ஒருவரே. முதல் படத்தில் மாப்பிள்ளை கிடைப்பானா என்று தவித்தவள், நான்காம் படத்தில் கணவனை இழந்து இரண்டு குழந்தைகளை வளர்க்கும் தாய். ரசிகர்களும் அவளோடு சேர்ந்து 24 வயது கூடியிருக்கிறார்கள்.

அவள் காதலிக்கும் மார்க் டார்சி, ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் டார்சியைப் பார்த்து வார்க்கப்பட்டவன். அந்த ஆஸ்டின் நமக்கும் தெரிந்தவர்தான். 2000இல் ராஜீவ் மேனன் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்', ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைத் தழுவியது. வசனம் எழுதியவர் சுஜாதா. இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய ஆங்கிலக் கிராமத்துச் சகோதரிகள் செட்டிநாட்டு வீட்டுக்குள் கொஞ்சமும் உறுத்தாமல் வந்து அமர்ந்தார்கள். சொத்து, வரன், அம்மாவின் கவலை, அக்காவின் பொறுமை, தங்கையின் பிடிவாதம் எல்லாம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருந்தவை.

அமெரிக்காவில் ஜென்னி ஹான் எழுதிய 'டு ஆல் தி பாய்ஸ்' நாவல்கள் 2018, 2020, 2021 என மூன்று நெட்ஃபிளிக்ஸ் படங்களாயின. நாயகி பாதி கொரிய வம்சத்துப் பள்ளி மாணவி. இவை வென்ற விதம் எளிதாகப் புரிவது. கதாநாயகியின் மனக்குரலை வாசகிகள் முதலிலேயே அறிவார்கள். அவளைச் சுற்றியிருக்கும் அக்கா, தங்கை, அப்பா, தோழி, பக்கத்து வீட்டுப் பையன் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்த வீட்டுக்கு மறுபடி போவதற்காகவே இரண்டாம் பாகத்துக்கு டிக்கெட் வாங்குகிறார்கள்.

இந்தப் பழக்கத்தை நம் வாரப் பத்திரிகைகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தமிழ் வீடுகளில் ஏற்படுத்திவிட்டன.

1955: சாவித்திரி சிரித்த ஆண்டு

கதைத்தொடரிலிருந்து படத்துக்கு வந்த சிரிப்பை பம்மல் சம்பந்த முதலியாரிடமிருந்து தொடங்கலாம். அவர் சபாபதி என்ற அசட்டு ஜமீன் பிள்ளையை வைத்துப் பல பாகங்களாக நகைச்சுவை நாடகம் எழுதினார். 1941இல் அது ஏவி.எம். படமானது. டி.ஆர்.ராமச்சந்திரன் சபாபதி, காளி என்.ரத்தினம் வேலைக்காரன். பரீட்சையில் தேறாத கணவனுக்குப் படித்த மனைவி பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். பாடத்தோடு பாடமாக அன்பும் வளர்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு வரும் காதலைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படம் அது.

அதே ராமச்சந்திரன்தான் 1955இல் 'கோமதியின் காதலன்' ஆனார். பி.நீலகண்டன் இயக்கம், சாவித்திரி நாயகி. மூலக்கதை தேவன் எழுதிய நாவல். ஆர்.மகாதேவன் என்ற தேவன், 1913இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். ஆனந்த விகடனில் சேர்ந்து அதன் நிர்வாக ஆசிரியராகி, 1957இல் மறையும் வரை அங்கேயே எழுதியவர். 'துப்பறியும் சாம்பு', 'மிஸ்டர் வேதாந்தம்', 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்', 'மிஸ் ஜானகி' என்று அவர் படைத்த உலகில் கெட்டவர்கள்கூடக் கொஞ்சம் அசடாகவே இருப்பார்கள். காதலிக்கிறவன் வீரனாக இருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. தடுமாறுவான், உளறுவான், தவறான வீட்டுக் கதவைத் தட்டுவான். அவனை நமக்குப் பிடித்துவிடும்.

அதே 1955இல் வந்தது எல்.வி.பிரசாத்தின் 'மிஸ்ஸியம்மா'. வங்க எழுத்தாளர் ரவீந்திரநாத் மைத்ராவின் 'மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' அதன் மூலம். வேலை இல்லாத ஓர் இந்து இளைஞன், கடன் தொல்லையில் தவிக்கும் ஒரு கிறிஸ்தவப் பெண். ஆசிரியத் தம்பதிக்கு மட்டுமே வேலை என்று விளம்பரம் வந்ததால், கணவன் மனைவியாக நடித்து வேலைக்குச் சேர்கிறார்கள். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ஒரே கூரைக்குள் போடும் சண்டைகளில் காதல் எப்போது நுழைந்தது என்று பார்ப்பவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. சாவித்திரியின் அந்தக் கோபமும், கோபத்துக்குள் எட்டிப்பார்க்கும் புன்னகையும் எழுபது ஆண்டுக்குப் பிறகும் புதிதாகவே இருக்கின்றன.

புதுச்சேரி 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்திய நிர்வாகத்துக்கு மாறியது. மறு ஆண்டே தமிழ் சினிமாவுக்கு இப்படி இரண்டு காதல் நகைச்சுவைகள் கிடைத்தன. ஒன்று தமிழ் நாவலிலிருந்து, மற்றொன்று வங்க இலக்கியத்திலிருந்து. இரண்டிலும் நாயகனே நகைச்சுவைக்குப் பொறுப்பு ஏற்றான். நாயகி அவனுக்குச் சளைக்காமல் ஈடு கொடுத்தாள்.

தவிலும் சலங்கையும்

தொடர்கதை எதைத் தர முடியும் என்பதற்குத் 'தில்லானா மோகனாம்பாள்' போதும். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் 1950களின் பிற்பாதியில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர் அது, கோபுலு ஓவியம். படம் வருவதற்குப் பல ஆண்டு முன்பே சிக்கல் சண்முகசுந்தரத்தின் முகமும் மோகனாவின் நடையும் வாசகர்களுக்குக் கோபுலுவின் கோடுகளில் பழகியிருந்தன. ஏ.பி.நாகராஜன் 1968இல் அதைப் படமாக்கினார். கே.வி.மகாதேவன் இசை; மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம்.

இதைக் கலைப்படம் என்றே பலரும் வணங்குகிறோம். கதையை மட்டும் எடுத்துப் பாருங்கள்: முழுக்க முழுக்கக் காதல் நகைச்சுவை. மூக்கின் மேல் கோபம் வைத்திருக்கும் ஒரு வித்துவான். கர்வத்தில் அவனுக்குக் குறையாத ஒரு நாட்டியக்காரி. முதல் சந்திப்பே சண்டை. அவள் ஆட்டத்தைப் பார்க்க வரமாட்டேன் என்று வீம்பு பேசியவன் யாருக்கும் தெரியாமல் ஒளிந்து நின்று பார்க்கிறான். அவன் பார்ப்பதைத் தெரிந்துகொண்டே அவள் ஆடுகிறாள். ஊரே கூடியிருக்கும் சபையில் அவர்கள் இருவருக்குள் மட்டும் ஒரு பேச்சு நடக்கிறது. பாலையாவின் தவில்காரர், மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி, நாகேஷின் சவடால் வைத்தி, சி.கே.சரஸ்வதியின் வடிவாம்பாள் எல்லோரும் அந்தக் காதலின் வழியில் வருகிறவர்கள். தனியாகச் சிரிப்பு காட்டிவிட்டுப் போகிறவர்கள் ஒருவரும் இல்லை. வைத்தி இல்லாவிட்டால் அந்தக் காதலுக்குத் தடை இல்லை, ரமாமணி இல்லாவிட்டால் மோகனாவுக்குப் பொறாமை இல்லை.

இந்தக் கூட்டத்தை உருவாக்க சுப்புவுக்கு வாரங்கள் தேவைப்பட்டன. ஒவ்வோர் இதழிலும் ஒருவர் வந்து வாசகர் மனத்தில் இடம் பிடித்தார். தொடர்கதை என்ற வடிவமே இந்தச் செழிப்புக்குக் காரணம். தனிப்படத்துக்கென்று உட்கார்ந்து எழுதும் திரைக்கதையில் இத்தனை பேருக்கு இவ்வளவு உயிர் வருவது அபூர்வம்.

பெண்கள் எழுதினார்கள், பெண்கள் படித்தார்கள்

தமிழில் காதல் நாவலைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். வை.மு.கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி' பத்திரிகையைத் தாமே நடத்தி நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அவருடைய 'அநாதைப் பெண்' 1938இல் படமானது. 'தயாநிதி' நாவல் 1966இல் கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் 'சித்தி' ஆனது.

டாக்டர் திரிபுரசுந்தரி 'லட்சுமி' என்ற பெயரில் எழுதினார். அவருடைய 'பெண் மனம்' 1963இல் எல்.வி.பிரசாத் இயக்கத்தில், மு.கருணாநிதி வசனத்தில், 'இருவர் உள்ளம்' ஆனது. பெண்களோடு விளையாட்டாகத் திரிந்த ஒரு பணக்கார இளைஞன் ஒரு டீச்சரிடம் உண்மையாகவே மனம் பறிகொடுக்கிறான். அவளுக்கு அவன் மேல் வெறுப்பு. சூழ்நிலையால் கல்யாணம் நடந்துவிடுகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் மனத்தை அவன் எப்படி வெல்கிறான் என்பதே மீதிக் கதை. சிவாஜியும் சரோஜாதேவியும் நடித்த இந்தக் கதை அமைப்பு, பின்னாளில் நூற்றுக்கணக்கான தமிழ்க் காதல் நாவல்களுக்கு அஸ்திவாரமானது. ரமணிசந்திரன் அதை எடுத்துக்கொண்டு தலைமுறைகளைக் கட்டிப்போட்டார். அவர் எழுதிய நாவல்களும் நூறைத் தாண்டும். தப்பான சந்தேகம், ரோஷம், மௌனம், சமையலறையில் ஒரு சின்னக் கேலி, கடைசியில் மனம் விட்டுப் பேச்சு. வாடகை நூல் நிலையங்களில் இவருடைய புத்தகங்கள் ஓய்ந்து உட்கார்ந்ததே இல்லை. அட்டை கிழிந்து, மறுபடி ஒட்டி, அடுத்த வாசகியிடம் போய்விடும்.

இத்தனை லட்சம் வாசகிகளின் அன்பைப் பெற்ற இந்தக் கதைகள் வெள்ளித்திரையில் ஒரு படத்தொடராக வரவில்லை. 'பொம்பளைங்க படிக்கிற கதை' என்று ஒதுக்கிய ஒரு பார்வை இதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பார்வை தவறு என்பதைப் பக்கத்து மொழி நிரூபித்துவிட்டது. தெலுங்கில் யத்தனபூடி சுலோசனா ராணியின் நாவல்களை 1970களில் படமாக்கிய வண்ணம் இருந்தார்கள். 1973இல் 'ஜீவன தரங்காலு', அதே ஆண்டில் விஜயநிர்மலா இயக்கிய 'மீனா', 1976இல் 'செகரட்டரி'. 2016இல் த்ரிவிக்ரம் இயக்கி நிதினும் சமந்தாவும் நடித்த 'அ ஆ' படமும் 'மீனா'வின் கதையையே தழுவியது. நாற்பது ஆண்டுக்குப் பிறகும் ஒரு வாராந்தரி நாயகிக்குத் திரையரங்கு நிறைந்தது. அந்தத் தெலுங்கு மண்ணின் ஒரு துண்டு, ஏனாம், நம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்குள்ளேயே இருக்கிறது.

பிரித்து வைத்த காதலும் சிரிப்பும்

தமிழ் சினிமா இந்தக் கதைகளிலிருந்து விலகியதற்கு முதல் காரணம் காமெடி டிராக். காதலிக்கும் வேலை நாயகனுக்கு, சிரிக்கவைக்கும் வேலை நகைச்சுவை நடிகருக்கு என்று கூலி பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் தொடங்கி வைத்த தனி நகைச்சுவைப் பகுதிகள் அபாரமான கலை. கவுண்டமணி - செந்தில், வடிவேலு வரை அந்த மரபுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் அதனால் ஓர் இழப்பு நேர்ந்தது. நாயகன் தடுமாறக் கூடாதவன் ஆனான். தடுமாறாதவன் காதல் நகைச்சுவைக்குப் பயன்படமாட்டான். நாயகிக்கோ சிரிக்கவைக்கும் உரிமையே போயிற்று. 'மிஸ்ஸியம்மா' சாவித்திரிக்கு இருந்த வாய்த்துடுக்கு அடுத்தடுத்த நாயகிகளிடமிருந்து மெல்லப் பறிக்கப்பட்டது. 1964இல் ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் 'காதலிக்க நேரமில்லை'யில் இரண்டையும் அழகாகச் சேர்த்துக் காட்டினார்கள். அந்தப் படத்தை ஊரே கொண்டாடியது; அந்தப் பாதையில் அதிகம் பேர் நடக்கவில்லை.

இரண்டாவது காரணம், நீண்ட கதையை ஒரே படத்தில் அடைக்கும் அவசரம். சுஜாதாவின் 'பிரிவோம் சந்திப்போம்' ஆனந்த விகடனில் 1980களில் இரண்டு பாகங்களாக வந்தது. முதல் பாகம் பாபநாசம். இரண்டாம் பாகம் அமெரிக்கா. ரகுபதி என்ற விவரம் போதாத இளைஞன், மதுமிதா என்ற விளையாட்டுப் பெண். முதல் பாகம் முடிந்து இரண்டாம் பாகம் தொடங்கும் வரையிலான இடைவெளியே கதைக்கு ஒரு வலியைத் தந்தது. 2009இல் இது 'ஆனந்த தாண்டவம்' என்ற ஒரே படமாக வந்தது. இரண்டு ஊர், இரண்டு பருவம், இரண்டு ரகுபதி. எல்லாம் ஒரே மூச்சில். படம் வரவேற்பைப் பெறவில்லை. அதை இரண்டு படங்களாக எடுத்திருந்தால், ஒரு வருடம் கழித்து மதுமிதாவை மறுபடி பார்க்கும் அந்தத் தவிப்பு ரசிகனுக்கும் கிடைத்திருக்கும்.

இப்படிக் காத்திருக்கத் தமிழ் ரசிகர் தயாரா என்ற கேள்விக்கு 'பொன்னியின் செல்வன்' பதில் சொல்லிவிட்டது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த தொடர். 2022 செப்டம்பரில் ஒரு படம், 2023 ஏப்ரலில் அடுத்த படம். நடுவில் ஏழு மாதம் குடும்பம் குடும்பமாகக் காத்திருந்தார்கள். வந்தியத்தேவனை நினைத்துப் பாருங்கள். சோழ நாட்டின் வழியெல்லாம் அசட்டுத் துணிச்சலோடு வம்பில் மாட்டிக்கொண்டு, குந்தவையின் முன் மட்டும் வாயடைத்து நிற்பவன். வாள்களையும் யானைகளையும் ஒதுக்கி வைத்துவிட்டால் அவனும் ஒரு காதல் நகைச்சுவை நாயகனே. கல்கி அவனை அப்படித்தான் படைத்தார்.

பாட்டுக்கு மட்டும் வந்துபோகும் ஊர்

இனி நம் ஊருக்கு வருவோம். படப்பிடிப்புக் குழுக்களுக்குப் புதுச்சேரி என்றால் மஞ்சள் சுவர், போகன்வில்லா, கடற்கரைச் சாலை, துய்மா வீதியில் ஒரு சைக்கிள். ஒரு பாட்டு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இந்த ஊரின் இலக்கியத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது.

பெருமாள் கோயில் வீதியில் வாழ்ந்த பாரதிதாசன் எழுதிய 'எதிர்பாராத முத்தம்' என்ற காதல் காவியம் 1950இல் 'பொன்முடி' என்ற படமானது. மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன், பி.வி.நரசிம்ம பாரதியும் மாதுரி தேவியும் நடித்தார்கள். காதல் காட்சிகளின் நெருக்கம் அன்று விவாதத்தைக் கிளப்பியது. அச்சில் வந்த காதல் கதை ஒன்று புதுச்சேரியிலிருந்து திரைக்குப் போன வழி இது.

பிறகு உலகமே இங்கே வந்தது. யான் மார்ட்டெல் 2001இல் எழுதி மறு ஆண்டு புக்கர் பரிசு பெற்ற 'லைஃப் ஆஃப் பை' நாவலின் தொடக்கமே நம் தாவரவியல் பூங்காதான். ஆங் லீ படக்குழுவோடு இங்கு வந்து எடுத்த அந்தப் படம் 2012இல் வெளியாகி நான்கு ஆஸ்கர்களை வென்றது. நம் ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயைப் பற்றி எம்.முகுந்தன் எழுதிய 'தெய்வத்தின்டெ விக்ருதிகள்' நாவலை 1992இல் லெனின் ராஜேந்திரன் மலையாளத்தில் படமாக்கினார். பிரெஞ்சுக்காரர்கள் போன பின்னும் ஊரை விட்டுப் போக மனமில்லாத அல்ஃபோன்ஸாக நம் ரகுவரன் வாழ்ந்தார். கனடாவிலிருந்து ஒருவர் புதுச்சேரியை எழுதினார், அது உலகப்படம் ஆனது. மாஹேக்காரர் மாஹேயை எழுதினார், அது மலையாளப் படம் ஆனது. புதுச்சேரித் தமிழ்க் குடும்பத்தின் காதல்கதை மட்டும் இன்னும் வரிசையில் நிற்கிறது.

2015இல் விக்னேஷ் சிவனின் 'நானும் ரௌடிதான்' இந்த ஊரைக் கதைக்களமாகவே வைத்துக்கொண்டது. ரௌடியாக வேண்டும் என்று ஆசைப்படும் பாண்டி. அவனுக்கு இன்ஸ்பெக்டர் அம்மா. காது கேளாத காதம்பரி. விஜய் சேதுபதி தடுமாறினார், நயன்தாரா சிரிக்கவும் வைத்தார் அழவும் வைத்தார். காதலையும் சிரிப்பையும் மறுபடி ஒரே வீட்டில் குடிவைத்த படம் அது. ரசிகர்கள் அள்ளி அணைத்துக்கொண்டார்கள். அது நாவலிலிருந்து வந்ததில்லை. ஆனாலும் ஊரும் ரசிகரும் தயார் என்பதற்கு அத்தாட்சி.

கதைக்கு இந்த ஊரில் என்ன குறை? 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணைப்படி இங்கே பல குடும்பங்கள் தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தையும் புதிய குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டன. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். ஒரே தெருவில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியன் என்று ஆகக்கூடிய நிலை அது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிப் பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தாக்கள், ஜூலை 14 அணிவகுப்பு, பிரான்ஸ் தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டு. கல்யாணச் சந்தையில் பிரெஞ்சு நேஷனாலிட்டி வரனுக்கு இருக்கும் மவுசு ஊரறிந்தது. பாரீஸிலிருந்து பெண் பார்க்க வரும் பேரன், தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத அவனுக்கு வைசியாள் வீதித் திண்ணையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், கல்யாணத்தைக் கோயிலிலும் நடத்தி பிரெஞ்சுத் தூதரகத்திலும் பதிவு செய்ய ஓடும் அப்பா, பாஸ்போர்ட்டுக்காகக் கல்யாணமா மனசுக்காகக் கல்யாணமா என்று கேட்கும் பாட்டி. மூன்று படங்களுக்கான கதை நம் தெருவிலேயே நடமாடுகிறது.

எழுதத் தெரிந்தவர்களும் இங்கே இருந்தார்கள், இருக்கிறார்கள். பிரபஞ்சன் இந்த ஊரின் வீதிகளையும் வரலாற்றையும் கதைகளில் நிறைத்தார்; 'வானம் வசப்படும்' 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கி.ராஜநாராயணன் கரிசலிலிருந்து வந்து கடைசிக் காலம் வரை புதுச்சேரியிலேயே வாழ்ந்து 2021இல் மறைந்தார். அவருடைய 'கிடை' குறுநாவலை அம்ஷன்குமார் 2003இல் 'ஒருத்தி' என்று படமாக்கினார். படிக்கிறவர்களும் இங்கே பழையவர்கள்: 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இன்றும் இயங்குகிறது.

இனி செய்ய வேண்டியவை

தயாரிப்பாளர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரையே உரிமை நீடிக்கும். 1957இல் மறைந்த தேவனின் படைப்புகள் 2018 முதல் பொதுச்சொத்து. 1960இல் மறைந்த கோதைநாயகி அம்மாளின் நாவல்கள் 2021 முதல் பொதுச்சொத்து. 'மிஸ் ஜானகி'யைப் படமாக்க யாரிடமும் கதை உரிமை வாங்க வேண்டியதில்லை. துப்பறியும் சாம்புவும் வேம்புவும் ஒரு முழுப் படத்தொடருக்கான தம்பதி: உலகமே மேதை என்று நம்பும் ஓர் அசட்டுக் கணவன், அவனோடு குடித்தனம் நடத்தும் மனைவி. பழைய சென்னைக் கதையை இன்றைய ஊருக்குக் கொண்டுவருவதற்குத் திறமை வேண்டும், நிச்சயமாக. செட்டிநாட்டுக்கு ஆஸ்டினைக் கொண்டுவந்த மொழிக்கு அது பெரிய காரியமில்லை.

இன்றைக்கு எழுதும் பெண்கள் தனி வரிசை. பிரதிலிபி போன்ற செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாகக் காதல் கதைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பஸ்ஸில், மதிய இடைவேளையில், பிள்ளை தூங்கிய பிறகு படிக்கிறார்கள். அடுத்த அத்தியாயம் எப்போது என்று எழுதியவரையே நச்சரிக்கிறார்கள். விகடனுக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற அந்தப் பழைய ஆவலின் தொடர்ச்சி இது. இவர்களிடம் போய்க் கதை கேட்கும் இயக்குநர், கதையோடு சேர்த்து அதன் ரசிகைகளையும் பெறுவார். ஓ.டி.டி. வந்த பிறகு, பெரிய நாயகனின் கால்ஷீட்டுக்காகக் கதையை வளைக்க வேண்டிய தேவையும் குறைந்திருக்கிறது. ஒரே நடிகை ஒரே பாத்திரத்தில் பத்தாண்டு வளர முடியும். கல்யாணத்துக்கு முன் ஒரு படம், முதல் குழந்தைக்குப் பின் ஒரு படம், நாற்பது வயதில் ஒரு படம். தமிழ்ப் பெண்ணின் வயதைத் திரை இப்படி மரியாதையோடு பின்தொடர்ந்ததே இல்லை. பின்தொடர்ந்தால் அதுவே ஒரு சாதனை.

நம் அரசுக்கும் பங்குண்டு. ஆண்டுதோறும் திரைப்பட விழா நடத்தி, இந்த மண்ணில் 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது கொடுக்கும் அரசு இது. புதுச்சேரி எழுத்தாளரின் கதையிலிருந்து எடுக்கப்படும் படத்துக்குப் படப்பிடிப்புக் கட்டணத்தில் சலுகையும் விழாவில் தனி இடமும் தரலாம். சுவரை வாடகைக்கு விட்டால் ஒரு நாள் வருமானம் கிடைக்கும். கதையைக் கொடுத்தால் பல ஆண்டுக்கு ஊரின் பெயர் வாழும். பை பட்டேலைத் தேடி இன்றும் தாவரவியல் பூங்காவுக்கு வருகிறவர்களே சாட்சி.

காதல் நகைச்சுவையை லேசான சரக்கு என்று எண்ணும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். இருவர் சண்டை போட்டு, சிரித்து, ஒருவரை ஒருவர் சமமாக மதிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தக் கதைகளின் உள்ளடக்கம். சாதியும் சீரும் பாஸ்போர்ட்டும் கல்யாணத்தைத் தீர்மானிக்கும் சமூகத்தில், மனசைக் கேட்டு முடிவெடு என்று வீட்டுக்குள் வந்து, கோபம் வராத குரலில் சொல்லும் துணிச்சல் இதற்கு மட்டுமே உண்டு. அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அதைக் கேட்பார்கள். நம் எழுத்தாளர்கள், அதிலும் பெண்கள், எண்பது ஆண்டுக்கும் மேலாக அதை வாராவாரம் செய்துவந்திருக்கிறார்கள். ஒரு நாவலைத் தேர்ந்து, அதன் எல்லாப் பாகங்களையும் எடுக்கும் உறுதியோடு முதல் படத்தைத் தொடங்கட்டும் ஒரு தயாரிப்பாளர்; போஸ்டரில் அந்த எழுத்தாளரின் பெயரை நாயகன் பெயரின் அளவிலேயே போடட்டும். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் இத்தனை ஆண்டும் நம் வீடுகள் பத்திரிகை வாங்கின. தியேட்டருக்கும் அதே பெயரைப் பார்த்து வருவார்கள்.